பழைய கேபினட்டுக்குக் காற்று வழி திறந்த அனுபவங்கள்

என்னிடமிருந்த பழைய ஏடிஎக்ஸ் கேபினட்டின், அதாவது கணினிப் பெட்டியின், எஃகுத் தகடு ஏறத்தாழ 0.8 மி.மீ. கனம் கொண்டது, கையால் அழுத்தினாலும் நெளியாது. அதன் முன்முகம் மட்டும் முழுவதும் மூடிய பிளாஸ்டிக்கால் ஆனது. கீழ் விளிம்பில் இருந்த குறுகிய பிளவு வழியாகத்தான் காற்று உள்ளே வர வேண்டும். வெளியேற்றுவதற்குப் பின்புறத்தில் 80 மி.மீ. விசிறி ஒன்று. கிராபிக்ஸ் கார்டு கடுமையாக உழைக்கும்போது பக்கவாட்டுக் கதவைக் கழற்றினால் வெப்பநிலை இறங்கியது, மூடினால் மீண்டும் ஏறியது. காற்று நுழையும் வழி அடைபட்டிருக்கிறது என்பதை அறிய இந்த ஒரு சோதனையே போதும். மாற்றியமைக்க விரும்பும் எவரும் வெட்டத் தொடங்கும் முன் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பேன். ஏடிஎக்ஸ் அளவுமுறையை இன்டெல் 1995 இல் வெளியிட்டது. முழு அளவு மதர்போர்டின் 305 × 244 மி.மீ. பரப்பும் திருகுத் துளைகளின் அமைப்பும் இன்றும் அப்படியே தொடர்வதால் அக்காலப் பெட்டியில் இன்றைய மதர்போர்டைப் பொருத்த முடிகிறது. உறுதியான ஒரு பெட்டியைக் காற்று வழி இல்லை என்பதற்காக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

முதல் வேலை, உள்ளே இருக்கும் அனைத்தையும் வெளியே எடுப்பது. மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), வட்டுகள், பழைய விசிறி, முன்பக்க யுஎஸ்பி கம்பிகள் என எதையும் விட்டுவைக்கக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடிக்கொண்டு வெட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. எஃகை வெட்டும்போது உதிரும் அரப்பொடி காந்தத்தால் ஈர்க்கப்படும், விசிறியின் மோட்டாரிலோ காந்தம் இருக்கிறது. மதர்போர்டின் இரண்டு முனைகளுக்கு இடையே ஒரு துகள் விழுந்தாலும் மின்குறுக்கு ஏற்படலாம். வெட்டி முடித்ததும் வெற்றுப் பெட்டியைச் சோப்பு நீரால் கழுவி, மூலைகளில் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டி, நன்றாக உலர்த்திய பிறகுதான் பொருட்களை மீண்டும் அதனருகே கொண்டுவந்தேன்.

முன்புறத்தில் வன்தட்டுகளுக்கான கூண்டு ரிவெட்டுகளால் பிணைக்கப்பட்டிருந்தது. 4 மி.மீ. டிரில் முனையால் ரிவெட்டின் தலையை மட்டும் துளைத்தால் அது தனியே கழன்று வரும். மீதியை ஒரு சிறு ஆணியால் தட்டி வெளியே தள்ளிவிடலாம். கூண்டை எடுத்ததும் பெட்டியின் முன்மூலை லேசாக அசையத் தொடங்கியது, ஏனெனில் அக்கூண்டு அடித்தகட்டையும் முன்தகட்டையும் இணைக்கும் தூணாகவும் இருந்திருக்கிறது. எனவே அதே துளைகளில் ஓர் அலுமினிய எல் வடிவப் பட்டையை 3.2 மி.மீ. ரிவெட்டுகளால் பொருத்தினேன்; அசைவு முற்றிலும் நின்றது. கூண்டை எடுத்துவிட்டு இதைச் செய்யாமல் விடுபவர்களுக்குப் பின்னால் கதவு சரியாகப் பொருந்தாத தொல்லை வரும்.

அடுத்து, காற்றை உள்ளிழுக்க முன்தகட்டில் 120 மி.மீ. விசிறிக்குத் திறப்பு வெட்ட வேண்டும். அதன் திருகுத் துளைகள் ஒன்றுக்கொன்று 105 மி.மீ. இடைவெளியில் சதுரமாக அமைந்தவை. மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் அந்தச் சதுரத்தை வரைந்து, இரண்டு மூலைவிட்டங்களும் 148.5 மி.மீ. வருகின்றனவா என்று அளந்தால் சதுரம் சாய்ந்திருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். மூலைவிட்டங்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் கவராயத்தை ஊன்றி 57.5 மி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டேன். 115 மி.மீ. விட்டமுள்ள இத்திறப்பின் பரப்பு, 80 மி.மீ. விசிறிக்கான திறப்பின் பரப்பைப் போல இரு மடங்குக்கும் அதிகம். மையங்களைச் சென்டர் பஞ்சால் குத்திய பின், தகட்டின் அடியில் ஒரு பிளைவுட் பலகையை வைத்துச் சி-கிளாம்பால் இறுக்கி, அங்குலத்துக்கு 32 பற்கள் கொண்ட உலோக பிளேடு பொருத்திய ஜிக்சாவால் (மேலும் கீழும் அசையும் மின்ரம்பம்) வெட்டினேன். பல் பெரிதானால் மெல்லிய தகடு பிளேடோடு சேர்ந்து துள்ளும். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. எஃகுத் தகட்டின் புதிய விளிம்பு கத்தியைப் போல் அறுக்கும். அரைவட்ட அரத்தால் பிசிறுகளை எடுத்து, யு வடிவ ரப்பர் பட்டையை விளிம்பில் சுற்றியதும் திறப்பு கைக்கு மென்மையாகிவிட்டது. பிளாஸ்டிக் முகப்பிலும் அதே இடத்தைத் திறந்து, துளையிட்ட எஃகு வலையை வைத்து, அதன் பின்னே கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியைப் பொருத்தினேன். இப்போது கதவு மூடியிருக்கும்போதும் வெப்பநிலை முன்பு கதவைத் திறந்து வைத்தபோது இருந்த அளவிலேயே நிற்கிறது. பின்விசிறி அலறுவதும் இல்லை.

*

முன்னர் எழுதிய நண்பருக்கு நன்றி. வட்டத்துக்கு ஜிக்சாவைவிட, டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பமான ஹோல் சாவைத்தான் நான் பரிந்துரைப்பேன்: தகட்டைப் பலகையோடு இறுக்கி, டிரில்லை மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் வட்டம் பிசகாமல் வரும். ஆனால் பற்கள் ஓரிடத்தில் சிக்கினால் டிரில் கையை முறுக்கிவிடும் என்பதால் பக்கவாட்டுப் பிடியை இரண்டாவது கையால் கட்டாயம் பற்றிக்கொள்ள வேண்டும்.

நான் செய்தது பக்கவாட்டுக் கதவில் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) சாளரம். கதவின் மடித்த விளிம்புகள்தாம் அதற்கு விறைப்பைத் தருகின்றன. ஆகையால் சுற்றிலும் தாராளமாகத் தகடு விட்டு நடுவில் மட்டும் வெட்டினேன். நான்கு மூலைகளிலும் முதலில் வட்டத் துளை போட்டு, அவற்றை நேர்கோட்டு வெட்டால் இணைத்தால் மூலை வளைவாக அமைந்துவிடும். அக்ரிலிக்கைப் பொறுத்தவரை அதன் குணத்தை அறிந்துகொண்டு கை வைக்க வேண்டும். ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் அது இளகத் தொடங்கும். ஜிக்சா வேகமாக ஓடினால் வெட்டிய இடம் உருகி பிளேடின் பின்னாலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பாதுகாப்புத் தாளை உரிக்காமல், மெதுவாக, இடையிடையே நிறுத்திக் குளிர வைத்து வெட்டினேன்.

துளைகள் பற்றிப் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வெப்பத்தில் அக்ரிலிக் எஃகைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு விரிவடையும். 300 மி.மீ. நீளமுள்ள அக்ரிலிக் தகடு 30 டிகிரி சூடேறினால் அரை மி.மீட்டருக்கும் மேல் நீளும். அதைப் பிடித்திருக்கும் எஃகோ 0.1 மி.மீ. அளவுக்குத்தான் நீளும். திருகின் விட்டத்தைவிட 1 மி.மீ. பெரிதாகத் துளையிட்டு, ரப்பர் வாஷர் வைத்து, திருகைக் கடைசிவரை இறுக்காமல் விட்டால் அந்த வேறுபாட்டுக்கு இடம் கிடைக்கும். இறுக்கிப் பூட்டியவர்களின் சாளரங்களில் திருகைச் சுற்றி விரிசல் கிளம்புவதற்கு இதுவே காரணம். ஆல்கஹால் கலந்த துப்புரவுத் திரவத்தையும் தவிர்த்துவிடுங்கள். வெட்டிய விளிம்புகளில் அது நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். சோப்பு நீரும் மென்மையான துணியும் போதும்.

*

வண்ணப்பூச்சையும் மின்இணைப்பையும் பற்றி நான் சேர்க்கிறேன். கேபினட் தகடுகளில் பெரும்பாலானவை துத்தநாகப் பூச்சுள்ள எஃகு. அதன் மேல் சாதாரண வண்ணத்தை நேராக அடித்தால் உரிந்து வரும். 320 எண் உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, துத்தநாகத்துக்கு ஏற்ற பிரைமரை முதலில் அடித்து, அது காய்ந்த பிறகு வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாக ஏற்ற வேண்டும். கனமாக அடித்த ஓர் அடுக்கு வழிந்து கோடு போடும். மெல்லிய நான்கு அடுக்குகள் தட்டையாக அமரும். காற்றோட்டமான இடத்தில், முகமூடி அணிந்து செய்வது அவசியம்.

மதர்போர்டைத் தாங்கும் பித்தளைத் தண்டுகள் அமரும் இடங்களையும் எஸ்எம்பிஎஸ் பெட்டியோடு தொடும் பின்தகட்டையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டே வண்ணம் அடித்தேன். கேபினட் முழுவதும் புவியிணைப்போடு இணைவது இந்த உலோகத் தொடுகைகளின் வழியாகத்தான்; வண்ணம் ஒரு மின்காப்பு. எல்லாவற்றையும் பூட்டிய பின், மின்கம்பியைச் சுவரிலிருந்து பிரித்த நிலையில், பிளக்கின் புவியிணைப்பு முனைக்கும் கேபினட்டின் வண்ணமில்லாத ஒரு திருகுக்கும் இடையே மல்டிமீட்டரால் தொடர்ச்சியைப் பார்த்தேன்.

முன்பக்கப் பவர் பொத்தானை 19 மி.மீ. உலோகப் பொத்தானாக மாற்றியதும் எளிதாகவே முடிந்தது. மதர்போர்டின் இரண்டு ஊசிகளை ஒரு கணம் இணைத்துவிட்டு விடுவதே அதன் வேலை என்பதால், அழுத்தினால் மட்டும் இணையும் வகைப் பொத்தான் எதுவும் பொருந்தும். ஒளிப்பட்டைகளில் மட்டும் கவனம் வேண்டும்: ஒவ்வொரு விளக்கும் தனி நிறம் காட்டும் மூன்று ஊசி வகை 5 வோல்ட்டுக்கானது, நான்கு ஊசி வகை 12 வோல்ட்டுக்கானது. முதல் வகையை 12 வோல்ட் இணைப்பில் செருகினால் கருகிவிடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அதனுள் இருக்கும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம், சுவரிலிருந்து பிரித்த பின்னும் தங்கியிருக்கக்கூடும்.

*

இருவருக்கும் நன்றி. ஹோல் சா பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். பக்கவாட்டுப் பிடியுள்ள டிரில் இருப்பவர்களுக்கு அதுவே நல்ல வழி. அடுத்து மேல்தகட்டில் 140 மி.மீ. விசிறி ஒன்றைப் பொருத்த நினைக்கிறேன். அதன் துளை இடைவெளி 124.5 மி.மீ., கனம் 25 மி.மீ. மேல்தகட்டுக்கும் மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை, நினைவக அட்டைகளையும் செயலிக்கு மின்சாரம் தரும் எட்டு ஊசிக் கம்பியையும் செருகிய நிலையிலேயே அளக்கப் போகிறேன். வெற்று மதர்போர்டை வைத்து அளந்தால் அந்தக் கம்பியின் வளைவு கணக்கில் வராது.