லாரி பக்கத்துல போனா கேரவன் ஆடுது, என்ன பண்ணலாம்?
வணக்கம் மக்களே, ஆஸ்திரேலியால கார் பின்னாடி கேரவனை (கார் இழுத்துட்டுப் போற சக்கர வீடு) மாட்டிக்கிட்டு இன்னைக்குக் காலைல வெஸ்ட் வையலாங்ல கிளம்பி நியூவெல் ஹைவேல ஃபோர்ப்ஸ், பார்க்ஸ் வழியா டப்போ வந்து சேந்தோம், சுமார் 250 கி.மீ. இருக்கும். ரெண்டு பக்கமும் கனோலா பூத்து ஒரே மஞ்சள், நம்ம கடுகுக்குச் சொந்தக்காரப் பயிர்தானே, பூவைப் பாத்ததும் அம்மாவே கண்டுபிடிச்சுட்டாங்க, பார்க்ஸ் தாண்டினா அந்த 64 மீட்டர் அகல ரேடியோ டெலஸ்கோப் வயலுக்கு நடுவுல வெள்ளையா நிக்குது, அவ்ளோ அழகு. ஆனா எதிர்ல பெரிய தானிய லாரி வந்தா போதும், கேரவன் பின்னாடி இடமும் வலமும் ஆடுது, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சு கை இன்னும் வலிக்குது. கேரவன் பின்பக்கம் ரெண்டு சைக்கிள் மாட்டிருக்கேன், தண்ணி டேங்கும் ஃபுல். டோ பால் (கேரவனை மாட்டுற, கார் பின்னாடி இருக்குற உருண்டை) மேல விழுற எடை கேரவன் எடைல 10 சதவீதம் இருக்கணும்னு சொல்றாங்களே, அதை வழியில எப்படி அளக்குறது? சைக்கிளைக் கழட்டி கார்ல ஏத்தினா சரியாகுமா? குழந்தைங்க கூட வர்றாங்க, நாளைக்குக் கிளம்புறதுக்குள்ள தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.