மெயில் வருது, ஆனா போகமாட்டேங்குது: உங்களுக்கு எங்கே சிக்கியது?

போன மாதம் இரண்டு நாள் இதிலேயே போனது. இதே இடத்தில் நிற்கிற யாருக்காவது உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

வீடு மாறி, புது இணைய இணைப்பு வாங்கியிருந்தோம். அதே மடிக்கணினி, அதே மெயில் கணக்கு. வரவேண்டிய மெயில் எல்லாம் ஒழுங்காக வந்தது. நான் அனுப்பியது மட்டும் அவுட்பாக்ஸைத் தாண்டவில்லை. நீலக் கோடு பாதிவரை ஓடி நின்றுவிடும். ஒரு நிமிடம் கழித்து, சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, நேரம் முடிந்தது என்று வரும். மொழிபெயர்த்த கோப்பை அன்று மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். வயிற்றைக் கலக்கியது.

கடவுச்சொல்லைத்தான் சந்தேகப்பட்டேன். மூன்று முறை மாற்றினேன். கைபேசியிலும் கணக்கு துண்டித்துக்கொண்டதுதான் மிச்சம். கணக்கையே நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கலாம் என்று கைவைக்கப் போனேன். நல்லவேளை, செய்யவில்லை. பழைய மெயில் எல்லாம் பாப்3 (மெயிலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறை) வழியாக இறங்கி அந்த ஒரு கணினியில் மட்டும்தான் இருந்தது.

கடைசியில் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்தேன். அவுட்பாக்ஸில் கிடந்த ஏழும் மளமளவென்று போய்விட்டன! அப்போதுதான் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். அனுப்பும் சர்வரில் போர்ட், அதாவது சர்வருக்குள் நுழையும் வாசலின் எண், 25 என்று இருந்தது, என்றோ போட்டது. மெயில் அனுப்பும் முறையான எஸ்எம்டிபி 1982-ல் வரையறுக்கப்பட்டபோதே வந்த எண் அது. வைரஸ் பிடித்த கணினிகள் ஸ்பேம் அனுப்பாமலிருக்க, வீட்டு இணைப்புகளில் பல நிறுவனங்கள் அதை மூடிவைக்கின்றன. 587 என்று மாற்றி, பாதுகாப்பில் ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைந்தபின் குறியாக்கத்துக்கு மாறும் முறை) தேர்ந்தெடுத்தேன். போய்விட்டது. 465 போடுகிறவர்கள் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் (தொடக்கத்திலிருந்தே குறியாக்கம்) வைக்க வேண்டும். எண்ணையும் பாதுகாப்பு முறையையும் மாற்றிப் பொருத்தினால் அப்போதும் மெயில் போகாது.

நான் கவனிக்காமல் விட்டது அந்தப் பிழைச் செய்தியைத்தான். நேரம் முடிந்தது என்றால் பெரும்பாலும் சர்வரின் வாசலுக்கே போய்ச்சேரவில்லை என்று அர்த்தம். கடவுச்சொல் கேட்கிற கட்டமே வரவில்லை, நான் அதைப் போய் மாற்றிக்கொண்டிருந்தேன். வாங்குவதற்கு ஐமேப் அல்லது பாப்3, அனுப்புவதற்கு எஸ்எம்டிபி. சர்வர், போர்ட், கடவுச்சொல் எல்லாவற்றையும் மெயில் செயலி இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கும்.

உங்களுக்கு என்ன செய்தி வந்தது? எண் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

*

எனக்கு 535-ன்னு பிழை எண் வந்துச்சு. அது கடவுச்சொல் பிரச்சினையேதான். அம்மாவோட ஜிமெயில் கணக்கு. வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையுற செயலிகளை கூகுள் 2022 மே 30-லிருந்து ஏத்துக்கறதில்ல. இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் பண்ணி, செயலிக்குன்னு தனியா கொடுக்குற 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்துப் போட்டேன். மெயில் வர ஆரம்பிச்சது, ஆனா போகல! நீங்க சொன்ன அதே "தனித்தனி"தான். சேமிச்ச கடவுச்சொல் பட்டியல்ல ஐமேப்புக்கு ஒரு வரி, எஸ்எம்டிபிக்கு ஒரு வரி இருந்துச்சு. இரண்டாவதுல பழசே உட்கார்ந்திருந்தது. அதை அழிச்சதும் புதுசா கேட்டுச்சு, போட்டேன், போயிடுச்சு. அம்மா அன்னிக்கு வரிசையா எல்லாருக்கும் மெயில் அனுப்பிட்டாங்க.

*

என்னுடையது 552, அளவு மீறல். 20 எம்பி படத்தொகுப்பு ஒன்று. வரம்பு 25 எம்பி என்று தெரிந்துதான் அனுப்பினேன். ஆனால் இணைப்புக் கோப்பு பேஸ்64 ஆக, அதாவது வெறும் எழுத்துகளாக மாறித்தான் போகும். மூன்று பைட் நான்காகிவிடும். 20 என்பது 27 எம்பி அளவுக்கு வந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, அந்த ஒரு மெயில் அவுட்பாக்ஸில் முன்னால் நின்றுகொண்டு பின்னால் இருந்த சின்ன மெயில்களையும் மறித்துவிட்டது. வைஃபையை அணைத்துவிட்டு அதை வரைவுக்கு இழுத்துப் போட்டேன். மீதி எல்லாம் கிளம்பின.

*

535 எழுதியவருக்கு மிக்க நன்றி. இப்போதே என் பட்டியலைத் திறந்து பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன் விட்ட கணக்கின் எஸ்எம்டிபி வரி இன்னும் அங்கேயே இருக்கிறது. அழித்துவிட்டேன்.