புதுப்பிப்பு: காட்டேஜ் பாணி வீட்டுக்குக் கடைசியில் எந்த ஜன்னல் போட்டோம்

சரிவுக் கூரை போட்ட எங்கள் வீட்டு முகப்புக்கு ஸ்லைடிங் ஜன்னலா, கீல் வைத்துத் திறப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்துவிட்டது.

கீல் ஜன்னல்தான். அகலமாக ஒன்று வைப்பதற்குப் பதில் ஒடுக்கமாக இரண்டை ஒட்டி வையுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. வீட்டின் முகமே மாறிவிட்டது. ஒவ்வொரு ஜன்னல் கதவிலும் கண்ணாடி ஆறு கட்டம், ஒவ்வொன்றும் அகலத்தைவிட உயரம் அதிகம்.

இந்தக் கட்டங்களில்தான் ரொம்ப நாள் தடுமாறினோம். கட்டம் பிரிக்கும் பட்டை இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே வந்தால் அதைத் துடைக்கவே வேண்டாம். ஆனால் தள்ளி நின்று மாதிரியைப் பார்த்தால் பேனாவால் கோடு இழுத்தது போல தட்டையாக இருந்தது. கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டும் பட்டையிலோ வெயில் படும்போது மெல்லிய நிழல் விழுகிறது. பழைய வீட்டுக் களை அந்த நிழலில்தான் இருக்கிறது. மூலைமூலையாகத் தூசி துடைப்பது என் தலையெழுத்து.

எதிர்பாராதது இரண்டு. கதவு வெளியே திறப்பதால் கொசுவலையை உள்பக்கம் மாட்ட வேண்டியதாயிற்று. அப்புறம், ஜன்னலுக்கு அடியில் வைத்த பூச்செடிப் பெட்டி. செடி வளர்ந்ததும் கதவு அதில் உரசி மொட்டுகளை உதிர்த்தது. பெட்டியை ஒரு சாண் கீழே இறக்கினோம், சரியாகிவிட்டது.