ஸ்பானியக் காதல் கவிதையில் ஏங்கும் பெண்ணின் குரல் எங்கே?

கேள்வி (வாசகர்)

1924-இல் வெளிவந்த பாப்லோ நெருடாவின் இருபது காதல் கவிதைகளை அண்மையில் தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்து முடித்தேன். பதினைந்தாம் கவிதையில், காதலி மௌனமாக இருக்கும்போது அங்கே இல்லாதவளைப் போலத் தோன்றுவதால் அவளை விரும்புவதாகக் கவிஞர் சொல்கிறார். தலைவியின் கூற்றைக் கேட்டுப் பழகிய நமக்கு இந்த மௌனம் உறுத்துகிறது. ஸ்பானிய மரபில் பெண் தன் ஏக்கத்தைத் தானே சொல்லும் இடங்கள் உண்டா?

மறுமொழி 1 (பழம்பாடல்)

உண்டு, இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பாடல்களே அவ்வாறு தொடங்குகின்றன. இடைக்கால ஸ்பெயினில் முஸ்லிம்கள் ஆண்ட அல்-அந்தலூஸ் பகுதியில் அரபியிலும் எபிரேயத்திலும் இயற்றப்பட்ட முவஷ்ஷஹ் பாடல்கள் சிலவற்றின் இறுதியில், லத்தீனிலிருந்து கிளைத்த அக்காலத்து மக்கள் பேச்சில் அமைந்த சில அடிகள் வருகின்றன. ஹார்ச்சா எனப்படும் இவ்வடிகளை 1948-இல் சாமுவேல் ஸ்டெர்ன் படித்து வெளியிட்ட பிறகே அறிஞர் உலகம் அவற்றின் அருமையை உணர்ந்தது. அவற்றில் பேசுபவள் பெரும்பாலும் இளம்பெண்: காதலன் வாசலில் நிற்கிறான், நான் என்ன செய்வேன் என்று தாயிடம் கேட்கிறாள். குறுந்தொகை படித்தவர்களுக்கு இக்குரல் அந்நியமாக இராது.

பதினேழாம் நூற்றாண்டு மெக்சிகோவின் துறவி சோர் ஹுவானாவையும் அவசியம் படியுங்கள். விலகி ஓடும் காதலனின் நிழலை நிற்கச் சொல்லும் அவருடைய ஒரு சானெட்டில் (பதினான்கு அடிக் கவிதையில்), கைகளிலிருந்து அவன் நழுவினாலும் தன் கற்பனை அவனைச் சிறையிட்டு வைத்திருக்கும் என்கிறாள் பேசுபவள். நெருடாவின் மௌனமான பெண்ணுக்கு இதைவிட நல்ல பதிலை நான் அறியேன்.

மறுமொழி 2 (அரங்கம்)

நாடகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபெடரிகோ கார்சியா லோர்கா எழுதி 1935-இல் பார்சலோனாவில் அரங்கேறிய ‘தோன்யா ரோசிதா’வில், கிரனாதாவில் மாமன் வீட்டில் வளரும் ரோசிதாவுக்கு மணம் பேசப்பட்ட உறவுக்காரன் அர்ஜென்டினாவின் துகுமானுக்குப் போய்விடுகிறான். கடிதங்கள் வருகின்றன, ஆண்டுகள் கழிகின்றன. காலையில் சிவந்து, மாலையில் வெளுத்து, இரவில் உதிரும் ஒரு ரோஜாவைப் பற்றிய கவிதை நாடகம் முழுவதும் அவளைத் தொடர்கிறது. அவனுக்கு வேறொருத்தியுடன் மணமாகிவிட்ட செய்தி மூன்றாம் அங்கத்தில் வெளிப்படும்போது, அதைத் தான் முன்பே அறிந்திருந்ததாக ரோசிதா சொல்கிறாள். ஊரார் அறியாமல் இருந்திருந்தால், அந்தப் பொய்யையும் கடிதங்களையும் கொண்டே தன் ஆசையை முதல் ஆண்டைப் போலவே வளர்த்திருப்பேன் என்று அவள் கூறும் இடம் என்னை நிலைகுலைய வைத்தது. அவனுடைய துரோகத்தைவிடப் பிறரின் இரக்கப் பார்வையே அவளை அதிகமாகக் காயப்படுத்துகிறது.

வாசகர்

இருவருக்கும் நன்றி. ஆயினும் ஹார்ச்சாக்களைத் தம் பாடல்களில் சேர்த்தவர்களும் லோர்காவும் ஆண்கள்தாமே? சோர் ஹுவானா மட்டும் விதிவிலக்கா?

மறுமொழி 3 (இசை)

உங்கள் ஐயம் நியாயமானது. ஹார்ச்சாக்கள் உண்மையில் பெண்கள் பாடிய நாட்டுப்பாடல்களா, ஆண் புலவர்கள் புனைந்த பெண்குரலா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் பாடலில் நிலைமை வேறு. கியூபாவின் சாந்தியாகோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்து மெக்சிகோவில் செழித்த பொலேரோ என்ற காதல் பாடல் வகையில், உலகெங்கும் பாடப்படும் ‘பேசமே முச்சோ’வை இயற்றியவர் மெக்சிகோவின் பியானோக் கலைஞர் கொன்சுவேலோ வெலாஸ்கெஸ் என்ற பெண்மணி. இன்றிரவே கடைசி இரவு என்பதுபோல் முத்தம் கேட்கும் அப்பாடலில், இன்னும் நிகழாத பிரிவின் அச்சமே ஏக்கமாகிறது. ‘நான்’, ‘நீ’ என்ற இருவர் மட்டுமே அதில் இருப்பதால், ஆண் பாடகர்களும் ஒரு சொல்லையும் மாற்றாமல் பாடுகிறார்கள். அவ்வாறு பாடும்போது அவர்கள் ஒரு பெண் எழுதிய ஏக்கத்தையே பாடுகிறார்கள்.

கவிதையில் அர்ஜென்டினாவின் அல்போன்சினா ஸ்டோர்னியைத் தேடுங்கள். பெண் பனிபோல் மாசற்றவளாக இருக்க வேண்டும் என எதிர்பார்க்கும் ஆணிடம், முதலில் மலைக்குச் சென்று உன்னைத் தூய்மைப்படுத்திக்கொண்டு வா என்று அவர் 1918-இலேயே எழுதினார். நெருடாவின் தொகுப்பு வெளிவர அப்போது இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.