கேத (துக்க) வீட்டுக்கு மாலையா, பொக்கேயா?

கேள்வி: கூட வேலை பார்க்கும் அண்ணனின் அப்பா நேற்று இரவு தவறிவிட்டார். ஊர் உசிலம்பட்டி பக்கம். நான் கோயம்புத்தூர்க்காரன், மதுரைக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகிறது. ஆன்லைனில் பொக்கே அனுப்பினால் போதுமா, நேரில் போகணுமா?

பதில் 1: பொக்கே வேண்டாம் தம்பி. அது கல்யாண வரவேற்புக்கு. விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் "கேதத்துக்கு" என்று சொன்னாலே போதும், ரோஜாவோ சம்பங்கியோ தடியாகக் கட்டின மாலையை வாழை இலையில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள், பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமல் மேலே போட்டுவிட்டு நிற்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். மாலையைக் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு அண்ணன் கையைப் பிடியுங்கள், பேச எதுவும் வேண்டியதில்லை. கோடித் துணி போடுவது, நீர்மாலை (குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருவது) எல்லாம் சொந்தக்காரர்கள் பாடு.

பதில் 2: கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை சொல்லிவிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்த அப்பத்தா முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும்.

பதில் 3: எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் மலர்வளையம் வைப்போம், அதனால் வீட்டைப் பார்த்து வாங்குங்கள். எடுப்பதற்குள் போக முடியாவிட்டால் அப்புறம் கேதம் கேட்கப் போகலாம், ஆனால் செவ்வாய், வெள்ளி வேண்டாம், எங்கள் பக்கம் பார்ப்பார்கள்.

கேள்வி கேட்டவர்: சரிங்க. மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம், மாலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.