ஸ்பிளிட்டுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

தினைக்கதிர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர்ல லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவங்களுக்கு (பட்ஜியைத்தான் சொல்றேன், கடையில அதுக்கு இந்தப் பேருதான், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் வேற ஜாதி) ஒரு பயிற்சி வகுப்பு நடத்துறோம். அதுக்குக் கையேடு எழுதுற வேலை என் தலையில விழுந்திருக்கு, வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாகணும். ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு எல்லாம் பாடப்புத்தகத்துலயே இருக்கு, மியூட்டேஷனுக்கு சடுதிமாற்றம் போட்டுட்டேன். லுட்டினோ, ஓப்பலைன், ஸ்பாங்கிள் எல்லாம் நிற ரகங்களோட பேரு, அதுல கை வைக்கல.

மாட்டிக்கிட்டது ஒரே இடம். பட்ஜியோட காட்டு நிறம் பச்சை, நீலம் ஒடுங்கு பண்பு, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாத்தான் வெளிய தெரியும். சுத்தப் பச்சையும் நீலமும் ஜோடி சேர்ந்தா குஞ்சு எல்லாமே பச்சையாத்தான் வரும், ஆனா ஒவ்வொண்ணும் உள்ளுக்குள்ள ஒரு நீலத்தை வச்சிருக்கும். இதைத்தான் பச்சை ஸ்பிளிட் நீலம்னு சொல்றாங்க, எழுதும்போது பச்சை/நீலம்னு சாய்கோடு. அப்படி ரெண்டு பச்சையை ஜோடி போட்டா சராசரியா நாலுல ஒண்ணு நீலமா வரும். புதுசா வளர்க்கிறவங்க இங்கதான் திகைச்சுப் போயி பக்கத்துக் கூண்டு ஆண் மேல சந்தேகப்படுறாங்க.

இந்த ஸ்பிளிட்டுக்கு ஒரு சொல் குடுங்க. பிளவுன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம்னு நட்டநடுவுல கோடு போட்ட மாதிரி அபூர்வமா ஒரு பட்ஜி பிறக்கும், அர்த்தநாரி கணக்கா. பிளவுப் பறவைன்னா எல்லாரும் அதைத்தான் நினைப்பாங்க.

---

பழைய புலவன் எழுதியது:

அம்மா, சொல் ஏற்கெனவே இருக்கு. கரத்தல்னா மறைத்தல். சித்திரகவியில கரந்துறை செய்யுள்னு ஒரு வகை உண்டு, ஒரு பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டு ஒளிஞ்சிருக்கும், மேலோட்டமா வாசிச்சா வெளிப்பாட்டு மட்டுந்தான் தெரியும், எழுத்தை எடுத்துக் கோக்கத் தெரிஞ்சவனுக்கு உள்பாட்டு கிடைக்கும். உங்க பறவையும் அதானே? ஜோடி போடத் தெரிஞ்சவனுக்கு நீலம் கிடைக்குது. சோதிடத்துலயும் ராகு கேதுவைக் கரந்துறை கோள்னு சொல்றது உண்டு. ஆகவே 'நீலங்கரந்த பச்சை'. சுருக்கமா 'கரந்தை'ன்னும் வைக்கலாம், ஆனா அது ஒரு பூ, திணைப்பேராவும் போயிடும், வேண்டாம்.

காக்கை கரவான்னு குறளே ஒரு பறவையை வச்சுத்தான் பேசுதுங்கிறதையும் பணிவோட நினைவூட்டுறேன்.

---

கூண்டுக்காரன் எழுதியது:

> நீலங்கரந்த பச்சை

ஐயா கும்புடுறேன். நான் பறவை வாங்கி வித்துப் பழகினவன், ஒண்ணு கேக்குறேன், ஞாயித்துக்கிழமை பிராட்வே சந்தையில போயி நீலங்கரந்த பச்சை ஒரு ஜோடி குடுங்கன்னு கேட்டா கிளி ஜோசியம் பாக்க வந்தவன்னு நினைச்சு ஒதுங்கிடுவான். ஸ்பிளிட்டுன்னா புரியும், ஸ்பிளிட்டுன்னே போடுங்க, ட்டு சேர்த்தாச்சுன்னா தமிழ் ஆயிடுச்சு.

கையேட்டுல சொல்லவேண்டியது வேற இருக்கு. ஸ்பிளிட்டுங்கிற பேர்ல நடக்கிற ஏமாத்து. ஒரு ஆளு வெறும் பச்சையை 'ஸ்பாங்கிள் ஸ்பிளிட்'னு சொல்லி கூடக் காசு வாங்கிட்டாரு. ஸ்பாங்கிள் மரபணு ஒத்தை இருந்தாலே ரெக்கையில தெரிஞ்சிடும், கருப்பு இருக்கவேண்டிய நடுப்பகுதி வெளுத்து ஓரத்துல மட்டும் மெல்லிசா கருப்புக் கோடு ஓடும். தெரியலைன்னா இல்லவே இல்லை, உள்ள ஒளிஞ்சிருக்க வழியே கிடையாது. பெட்டையில லுட்டினோ ஸ்பிளிட்டுன்னு விக்கிறது அதை விடப் பெரிய கூத்து. இதெல்லாம் எழுதுங்க, சனங்களுக்குப் பணம் மிச்சம்.

---

வன்னிமரம் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. இஞ்ச இதுக்கு ஏன் இவ்வளவு கரைச்சல் எண்டு விளங்கேல்ல. எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில மியூட்டேஷன் விகாரம், கரியர் காவி. நோயைக் காவுறது நோய்க்காவி. காவுறது எண்டால் சுமந்துகொண்டு போறது, வீட்டில தண்ணி காவுற ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆகவே 'நீலக்காவி'. ரெண்டே சொல், முடிஞ்சுது.

---

கூண்டுக்காரன் எழுதியது:

அண்ணே, நீங்க சொல்றது நியாயந்தான், ஆனா இங்க காவின்னா ஒரே அர்த்தம்தான், கலரு. நிறப் பட்டியல்லயே போயி நீலக்காவின்னு அச்சடிச்சா இது என்ன புது மியூட்டேஷன், எவ்வளவு ரேட்டுன்னு போன் வரும்.

---

பழைய புலவன் எழுதியது:

காவியை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட முடியாது. காவுதல் நல்ல தமிழ். காவுதடிதான் காவடி ஆச்சு, தோள்ல ரெண்டு பக்கமும் சுமை தொங்கும், ஒரு பறவை ரெண்டு பண்பைச் சுமக்கிறதுக்கு அதை விடப் பொருத்தம் ஏது? அதோட காவின்னா கருங்குவளைன்னும் ஒரு பொருள் உண்டு, பெண்களோட கண்ணுக்கு உவமையா வரும். அப்போ நீலக்காவின்னா நீலக் குவளைப் பூன்னும் ஆகும். சுமப்பது, செம்மண் நிறம், நீலப்பூ, ஒரே சொல்லுல மூணு. சிலேடைக்கு அருமையான சொல். கலைச்சொல்லுக்கு ஆகாதுங்கிறதை மட்டும் ஒத்துக்கிறேன். கரந்த என்பதே என் முடிவு.

---

நுண்ணோக்கி எழுதியது:

ஐயா, அக்கா, கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. நீலங்கரந்த பச்சைங்கிறது கேக்க அழகா இருக்கு, ஆனா அது எல்லா பச்சை பட்ஜிக்கும் பொருந்தும், ஸ்பிளிட் ஆனாலும் ஆகாட்டியும்.

எப்படின்னா, பட்ஜியோட இறகுல பச்சைன்னு ஒரு நிறமியே கிடையாது. நீல நிறமியும் கிடையாது. இறகோட கிளை இழைக்குள்ள பஞ்சு மாதிரி ஒரு நுண்ணமைப்பு, அதுக்கு அடியில மெலனின், வெளிச்சம் பட்டா நீலம் மட்டும் திரும்பி வருது. அதுக்கு மேல மஞ்சள் நிறமி படிஞ்சிருக்கு, கிளி இனத்துக்கே உரிய நிறமி அது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம்ம கண்ணுக்குப் பச்சை. நீல பட்ஜிக்கு அந்த மஞ்சளைச் செய்ய முடியாது, அவ்வளவுதான். 2017ல வந்த ஆய்வுல அந்த மஞ்சளைத் தயாரிக்கிற நொதியில ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப்போனதுதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. ஆக ஒவ்வொரு பச்சையும் மஞ்சளுக்கு அடியில நீலத்தைக் கரந்துதான் இருக்கு. ஸ்பிளிட்டுல ஒளிஞ்சிருக்கிறது நீலம் இல்ல, மஞ்சள் செய்ய முடியாத ஒரு மரபணு. சரியாச் சொல்லணும்னா 'மஞ்சளின்மை கரந்த பச்சை'.

கூண்டுக்கார அண்ணன் சொன்ன லுட்டினோ விஷயம் நூத்துக்கு நூறு சரி. குரோமோசோம் கணக்குல நமக்கு ஆண்தான் எக்ஸ் ஒய், பறவையில தலைகீழ், ஆணுக்கு ரெண்டு இசட், பெண்ணுக்கு ஒரு இசட் ஒரு டபிள்யூ. லுட்டினோ, ஓப்பலைன், சின்னமன் மூணும் இசட் மேல உக்காந்திருக்கு. பெண்ணுக்கு இருக்கிறதே ஒண்ணு, அது லுட்டினோன்னா மஞ்சளாவே தெரியும், மறைச்சு வைக்க இன்னொரு இசட் இல்ல. அதனால லுட்டினோ ஆணைச் சுத்தப் பச்சைப் பெண்ணோட போட்டா, வர்ற பெண் குஞ்சு எல்லாம் லுட்டினோ, ஆண் குஞ்சு எல்லாம் ஸ்பிளிட் பச்சை.

---

கூண்டுக்காரன் எழுதியது:

தம்பி சொன்னதுல ஒண்ணு சேத்துக்கோங்க. அந்த ஜோடியில குஞ்சு பொரிஞ்ச உடனே பாத்துடலாம். கண்ணு திறந்திருக்காது, தோலுக்கு அடியில உருண்டையா தெரியும், சிலதுக்குக் கருப்பு, சிலதுக்கு இளஞ்சிவப்பு. சிவப்பா தெரியறது லுட்டினோ, அதாவது பெட்டை, கருப்பு ஆண். வேற ஜோடியில மூக்கு கலர் வர்ற வரைக்கும் காத்திருக்கணும், இதுல பானைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தாலே முடிஞ்சுது.

மஞ்சளின்மை கரந்த பச்சையெல்லாம் கல்யாணப் பத்திரிகையில போடுங்க.

---

பழைய புலவன் எழுதியது:

அறிவியல் தம்பிக்கு ஒரு சொல். பெயர் வைக்கிறதுக்குப் பௌதிகம் கட்டாயமில்லை. சூரியன் உதிக்குதுன்னுதான் இன்னும் சொல்றோம். பச்சையும் நீலமும் நம்ம மொழியில ஒட்டி உறவாடுற நிறங்கள், பெருமாள் மேனியைப் பச்சைமலைன்னும் சொல்றோம், நீலமேனின்னும் சொல்றோம், யாரும் சண்டைக்கு வரல.

இடையில வேற ஒண்ணு. பெட்டை, ஆண்னு எழுதுறீங்களே, தொல்காப்பியம் மரபியல் சிறகு உள்ளது எல்லாத்துக்கும் ஆண்பெயர் சேவல்னு வகுத்திருக்கு, மயில் ஒண்ணுதான் விலக்கு. பெண் பெடை. அளகுங்கிறது கோழிக்கும் கூகைக்கும் மட்டும். குஞ்சுன்னு எழுதாம பார்ப்புன்னும் பிள்ளைன்னும் எழுதலாம், பறப்பவற்றின் இளமைப்பெயர் அந்த ரெண்டுந்தான். கிளியும் தினையும் தமிழனுக்குப் புதுசா? குறிஞ்சிப்பாட்டுல தழல், தட்டை, குளிர்னு கிளி விரட்டவே தனித்தனிக் கருவி வச்சிருந்தாங்க.

---

தினைக்கதிர் எழுதியது:

ஐயா, அன்னைக்கு விரட்டினாங்க, இன்னைக்கு அதே தினையை நாங்க கிலோக் கணக்குல வாங்கி ஊட்டுறோம் :) சேவல் பெடை நல்லாத்தான் இருக்கு, ஆனா வகுப்புல சேவல்னா கோழிப் பண்ணைக்காரங்க வந்து உக்காந்துடுவாங்க. ஆண், பெண்ணே போதும். பார்ப்புக்கும் மன்னிக்கணும்.

அப்படியே இன்னும் ரெண்டு இருக்கு, சீக்கிரம் முடிச்சிடலாம். சீயர், அதாவது அலகுக்கு மேல மூக்குத் துளை இருக்கிற அந்தத் தடிச்ச தோல். வளர்ந்த ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு முட்டை வைக்கிற பருவத்துல பழுப்பாகி சொரசொரன்னு ஆயிடும், லுட்டினோ, அல்பினோ மாதிரி சில ரக ஆணுக்கு நீலம் வராம ஊதா கலந்த ரோஸாவே நின்னுடும். இதுக்கு? இன்னொண்ணு பார்ஹெட், நெத்தியில இருந்து மூக்கு வரைக்கும் குறுக்க கோடு கோடா இருக்கிற சின்ன வயசுப் பறவை. மூணு நாலு மாசத்துல இறகு உதிர்ந்து கோடு போயிடும். கையில பழக்க நினைக்கிறவங்க இந்தக் கோடு இருக்கிறதாப் பாத்து வாங்கணும்னு எழுதணும்.

---

கூண்டுக்காரன் எழுதியது:

சீயருக்கு மூக்கு. எவனும் வேற சொல்றதில்லை.

ரெண்டாவதுக்கு 'பட்டை போட்ட குஞ்சு'. விபூதிப் பட்டை மாதிரியே இருக்கும், நான் எப்பவும் அப்படித்தான் சொல்லி விக்கிறது. பழக்குற பக்கத்துல இதையும் எழுதுங்க, வாங்கின அன்னைக்கே கையை உள்ள விட்டுத் துரத்திப் பிடிக்காதீங்கன்னு. முதல்ல கூண்டுக்கு வெளிய உக்காந்து பேச்சுக் குடுக்கணும், அப்புறம் தினைக்கதிரை விரலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு கையை அசைக்காம உள்ள வைக்கணும். மொதல்ல கழுத்தை நீட்டி நுனியில இருக்கிற மணியை மட்டும் கொத்தும், கதிர் குட்டையாகக் குட்டையா ஒரு கால் எடுத்து விரல் மேல வைக்கும், அப்பவும் அசையக் கூடாது. ஒத்தையா வளத்தா சீக்கிரம் பழகும், ஜோடியா விட்டா ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு உங்களைத் திரும்பியும் பாக்காது.

---

வன்னிமரம் எழுதியது:

பட்டை போட்ட குஞ்சு நல்லாயிருக்கு, எனக்குச் சம்மதம். காவியை விட்டிட்டியள் போல கிடக்கு?

---

மட்டுறுத்துநர்:

நாளைக்கு வெள்ளி. ஸ்பிளிட்டுக்கு இதுவரை வந்தது: நீலங்கரந்த பச்சை, நீலக்காவி, மஞ்சளின்மை கரந்த பச்சை, ஸ்பிளிட்டு. தனிமடல்ல ஒருத்தர் 'நீலச்சூல் பச்சை'ன்னு அனுப்பியிருக்கார், லுட்டினோவுல ஆண் மட்டுந்தான் ஸ்பிளிட் ஆகும்னு மேல படிச்ச பிறகு அதை நான் வாக்குக்கு விடல. யாராவது எளிமையா ஒண்ணு சொல்லுங்க.

---

தினைக்கதிர் எழுதியது:

நேத்து ராத்திரி பட்டியலை மறுபடி மறுபடி எழுதிப் பாத்தேன். சாய்கோட்டை வாய்விட்டு எப்படிப் படிக்கிறதுங்கிறதுதான் எனக்கு வேண்டியது. பச்சை/நீலம், இதை 'பச்சை, உள் நீலம்'னு படிச்சா? 'பச்சை, உள் லுட்டினோ', 'சாம்பல், உள் ஓப்பலைன்', எல்லாத்துக்கும் ஒட்டுது. பறவையைச் சொல்லணும்னா உள்நீலப் பச்சை. முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் கடையில ஸ்பிளிட்டுன்னு சொல்வாங்கன்னு ஒரு வரி.

---

கூண்டுக்காரன் எழுதியது:

இது வாயில வருது. சரி. அந்த ஒரு வரியைப் பெருசா போடுங்க.

---

நுண்ணோக்கி எழுதியது:

நான் சொன்ன ஆட்சேபணை இதுக்கும் பொருந்தும் அக்கா, உள்ள நீலம் இல்லாத பச்சை பட்ஜியே உலகத்துல கிடையாது. ஆனா அச்சகம் காத்திருக்கு, தடுக்கல. ஒரு பச்சை ஸ்பிளிட்டா இல்லையான்னு பாத்துச் சொல்ல முடியாது, அப்பா அம்மா எதுன்னு தெரியாட்டி நீலத்தோட ஜோடி போட்டு ஒரு நீலக் குஞ்சாவது வந்தாதான் உறுதிங்கிறதையாவது தவறாம சேத்துடுங்க. அப்படி ஒண்ணும் வரலைன்னா இல்லைன்னும் அடிச்சுச் சொல்லிட முடியாது, குஞ்சு கொஞ்சமா இருந்தா அதிர்ஷ்டமாவும் இருக்கலாம்.

---

பழைய புலவன் எழுதியது:

உள் என்பது வேற்றுமை உருபாவும் வரும், கலைச்சொல்லுக்குப் போதாது. என் மறுப்பைப் பதிவு செய்யவும்.

---

வன்னிமரம் எழுதியது:

உங்கட கையேடு உங்கட விருப்பம். இஞ்ச நாங்கள் எழுதேக்க காவி எண்டுதான் போடுவம்.

---

மட்டுறுத்துநர்:

ஆதரவு ரெண்டு, நுண்ணோக்கியோட அரை ஓட்டு, எதிர்ப்பு ரெண்டு. உள் நீலம் அச்சுக்குப் போகுது.

---

கூண்டுக்காரன் எழுதியது:

முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, டபுள் ஃபாக்டருக்கு, அதாவது ஒரே மரபணு ரெண்டா இருக்கிற பறவைக்கு, என்ன போட்டிருக்கீங்க? ஒத்தை ஸ்பாங்கிள்னா ரெக்கையில கோடு, ரெண்டு சேர்ந்துட்டா மொத்தமா வெளுத்து சுத்த வெள்ளையோ சுத்த மஞ்சளோ ஆயிடும், கண்ணு மட்டும் கருப்பா இருக்கும். ஜனங்க அதை அல்பினோன்னு நினைச்சு வாங்கிட்டுப் போயி சிவப்புக் கண்ணு எங்கன்னு தேடுறாங்க. 'இரட்டை ஸ்பாங்கிள்'?

---

பழைய புலவன் எழுதியது:

இரட்டைன்னா இரட்டைக்கிளவி ஞாபகம் வரும். இரட்டைக்கிளவி பிரிச்சா பொருள் தராது. உங்க பறவையில அந்த ரெண்டும் பிரிஞ்சு குஞ்சுக்கு ஒவ்வொண்ணாத்தானே போகுது, தனியா நின்னாலும் வேலை செய்யுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ அது அடுக்குத்தொடர். 'அடுக்கு ஸ்பாங்கிள்'.

---

நுண்ணோக்கி எழுதியது:

ஐயா, இது உண்மையிலேயே சரியா வருது. அடுக்கை சாதாரணப் பறவையோட போட்டா குஞ்சு அத்தனையும் ஒத்தை ஸ்பாங்கிள்தான்.

---

தினைக்கதிர் எழுதியது:

அச்சகத்துல இருந்து ஆள் வந்தாச்சு. அடுக்கு போட்டுட்டேன், இதுக்கு வாக்கெடுப்பு வேண்டாம்.