பி கலத்துக்கு ரி கலத்தின் உதவி எதற்கு?

கல்முனை மாணவி:
வணக்கம். உயர்தர உயிரியலில் நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு) படிக்கிறேன். கிருமியுடன் பிணையும் புரதமான பிறபொருளெதிரியைச் சுரப்பது பி கலம் என்ற வெண்குருதிக் கலமே என்றால், இன்னொரு வகை வெண்குருதிக் கலமான உதவி ரி கலம் எதற்கு வேண்டும்?

மட்டக்களப்பு ஆசிரியர்:
மகள், பி கலம் தான் பற்றிய கிருமியின் புரதத்தை உள்ளெடுத்து, துண்டாக்கி, மேற்பரப்பில் காட்டும்; அந்தத் துண்டை இனங்காணும் ரி கலம் பி கலத்தின் மேற்பரப்பிலுள்ள சிடி40 என்ற வாங்கி வழியாகவும், தான் சுரக்கும் இன்ரர்லூக்கின்-21 என்ற சைகைப் புரதம் மூலமாகவும் தூண்டும்போதுதான், பி கலம் நன்கு பெருகி, மேலும் இறுக்கமாகப் பிணையும் பிறபொருளெதிரிகளை உருவாக்கும்.

வாழைச்சேனை மருத்துவமாது:
சிறுபிள்ளைகளில் மூளையுறை அழற்சியை உண்டாக்கக்கூடிய ஹிப் பற்றீரியாவின் சர்க்கரை உறை ரி கலமின்றியே பி கலத்தைத் தூண்டக்கூடியது. ஆனால், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அத்தூண்டல் போதாது. அதனாலேயே நமது கிளினிக்கில் 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டுத் தடுப்பூசியில் அச்சர்க்கரையைப் புரதத்துடன் இணைத்து, ரி கலத்தின் உதவியையும் பெறுகிறார்கள். மிக அழகான உத்தி இது.

கல்முனை மாணவி:
நன்றி. ரி கலத்தின் இந்தத் தூண்டலைக் கட்டுப்படுத்துவது எது, சேர்?

மட்டக்களப்பு ஆசிரியர்:
ஒழுங்காக்கும் ரி கலங்கள். அவை தளர்ந்தால், உடலின் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவும் பிறபொருளெதிரி உருவாகலாம்.